நனவிலிக் கோட்பாடுகளும் மறுப்பின் இடமும்

மனித ஆளுமையை விளக்க முற்பட்ட உளவியல் கருத்துகளுள் இலக்கியத் திறனாய்வைப் பெரிதும் ஈர்த்தது நனவிலி பற்றிய கருத்தாகும். தமிழில் அது நனவிலி, ஆழ்மனம், அடிமனம் எனப் பல சொற்களால் வழங்குகிறது. இச்சொற்களை ஒன்றுக்கொன்று மாற்றாக ஆளும்போது ஃபிராய்டு, அட்லர், யுங் ஆகிய மூவரும் ஒரே பொருளைப் பற்றியே பேசினர் என்னும் தோற்றம் எழுகிறது. அத்தோற்றம் பிழையானது. மூவரும் முன்வைத்தவை மூன்று வேறுபட்ட கூற்றுகள். ஒவ்வொன்றும் தனக்குரிய சான்றை வேண்டி நிற்பது. எச்சான்று கிடைத்தால் தான் தவறாகும் என்பதைச் சொல்லாத உளவியல் விளக்கம், நோயாளியின் குரலையும் பனுவலின் குரலையும் ஒருங்கே அழித்துவிடும்.

ஒரு சொல், மூன்று கூற்றுகள்

ஃபிராய்டு 1915-இல் எழுதிய ‘நனவிலி’ என்னும் கட்டுரையில், அப்போதைக்கு நினைவில் இல்லாததையும் ஒடுக்கப்பட்டதனால் நினைவுக்கு வர இயலாததையும் வேறுபடுத்தினார். முன்னது சற்று முயன்றால் நினைவுக்கு வந்துவிடும். பின்னதை ஓர் எதிர்ப்பாற்றல் தடுத்து நிற்கிறது. உளப்பகுப்பாய்வு கருத்தூன்றுவது பின்னதிலேயே. 1923-இல் அவர் ஆளுமையை மூன்று கூறுகளாக அமைத்துக் காட்டியதற்கும் இதுவே காரணம். எதிர்த்து நிற்கும் ‘நான்’ என்ற கூறும், தான் எதிர்ப்பதைத் தானே அறிவதில்லை என்று அவர் கண்டார். ஆகவே நனவு, நனவிலி என்ற பழைய இருபிரிவு போதாதாயிற்று. செருமானிய மொழியில் அவர் ஆண்டவை ‘அது’, ‘நான்’, ‘மேல்-நான்’ என்னும் பொருள்தரும் எளிய சொற்கள். ஆங்கில மொழிபெயர்ப்பில் அவை இட், ஈகோ, சூப்பர் ஈகோ என இலத்தீன் வடிவம் பெற்றன. அன்றாடப் பேச்சின் சொற்கள் இவ்வாறு உடற்கூற்று உறுப்புகளின் பெயர்களைப் போல ஒலிக்கலாயின.

‘கீழ்நனவு’ என்னும் பொருள்படும் சொல்லை ஃபிராய்டு ஏற்கவில்லை என்பது இவண் கருதத்தக்கது. அச்சொல் நனவுக்குக் கீழே கிடக்கும் ஓரிடத்தைக் குறிக்கிறதா, மற்றொரு நனவைக் குறிக்கிறதா என்பது தெளிவில்லை என்பது அவர் கூறிய காரணம். ஆழ்மனம், அடிமனம் என்னும் தமிழ்ச்சொற்களும் ஆழத்தையும் அடியையும் சுட்டும் இடப்பெயர்களே. ஒடுக்குதல் என்னும் செயலை அவை சுட்டுவதில்லை. அவ்வகையில் நனவிலி என்பதே ஃபிராய்டின் கருத்துக்கு நெருங்கிய சொல்லாகும்.

ஆல்பிரட் அட்லர் 1911-இல் ஃபிராய்டை விட்டு நீங்கினார். மனிதனைக் கூறுகளாகப் பிரிக்கவியலாத முழுமையாகக் கண்டவர் அவர். தாழ்வுணர்ச்சியும், அதனை வென்று உயர முயலும் இலக்கும் ஆளுமையை வடிவமைக்கின்றன என்பது அவர் கொள்கை. அவரிடத்து நனவிலி என்பது நனவோடு போரிடும் தனி அரசு அன்று. மனிதன் தன் இலக்கைப் பற்றி இன்னும் புரிந்துகொள்ளாத பகுதியே அது.

யுங் தொடங்கியது சூரிச் நகரின் புர்க்ஹோல்ஸ்லி மருத்துவமனையில் நிகழ்த்திய சொல் தொடர்புச் சோதனைகளிலிருந்து. ஒரு சொல்லைக் கேட்டவர் மறுமொழி கூறத் தயங்கும் காலத்தை அளந்து, உணர்ச்சி செறிந்த உளச்சிக்கல்களை அவர் இனங்கண்டார். 1913-இல் ஃபிராய்டோடு கொண்ட நட்பு முறிந்தபின், தனிமனிதரின் ஒடுக்கப்பட்ட நினைவுகளுக்கும் அப்பால் மனித இனத்துக்குப் பொதுவான கூட்டு நனவிலி உண்டென்றும், அதன் வடிவங்கள் தொல்படிமங்கள் என்றும் விரித்துரைத்தார். இது ஒடுக்கப்பட்டது அன்று. ஒருபோதும் நனவில் இருந்திராதது.

ஆகவே, ஒரு பாத்திரத்தின் கனவை ஒடுக்கப்பட்ட விருப்பமாகவும் தொல்படிமமாகவும் ஒரே மூச்சில் விளக்குவது இரு கோட்பாடுகளைச் சேர்த்து வலுப்படுத்துவதாகாது. முன்னதற்கு அப்பாத்திரத்தின் தனி வரலாறு சான்றாக வேண்டும். பின்னதற்கு அத்தனி வரலாற்றைக் கடந்த பரந்த ஒப்பீடு வேண்டும்.

மறுப்பு எங்கே போயிற்று?

இவ்வேறுபாடுகளினும் முதன்மையானது சான்று பற்றிய வினா. ஃபிராய்டு 1905-இல் வெளியிட்ட ‘டோரா’ நோயாளி வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1900-இன் இறுதியில் 18 வயதுப் பெண் ஒருத்தி தந்தையால் அவரிடம் அழைத்து வரப்பட்டாள். தந்தையின் நண்பர் தன்னிடம் தகாத முறையில் நடக்க முயன்றார் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். தந்தை அதனை நம்பவில்லை. ஃபிராய்டு நம்பினார். ஆனால் அவள் அம்மனிதரை விலக்கியதன் பின்னே அவர்பால் கொண்ட மறைந்த காதல் இருப்பதாக விளக்கம் தந்தார். அவள் மறுத்தாள். அம்மறுப்பே ஒடுக்குதலின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஏறத்தாழ மூன்று மாதங்களில் அவள் மருத்துவத்தைத் தானே நிறுத்திக்கொண்டாள்.

உடன்பட்டால் விளக்கம் உண்மை. மறுத்தால் அது இன்னும் உறுதியான உண்மை என்றால், அப்பெண் எதைச் சொல்லியிருந்தால் விளக்கம் தவறென்று ஆகியிருக்கும்? கார்ல் பாப்பர் எழுப்பிய வினாவும் இத்தகையதே. ஒரு குழந்தையைக் கொல்ல நீரில் தள்ளுபவனின் செயலும், அதனைக் காக்கத் தன் உயிரைக் கொடுப்பவனின் செயலும் ஃபிராய்டு, அட்லர் ஆகிய இருவர் கோட்பாட்டாலும் சம எளிமையோடு விளக்கப்படுவதை அவர் சுட்டினார். எல்லாவற்றையும் விளக்குவதை அவர் கோட்பாட்டின் வலிமையாகக் கொள்ளவில்லை, குறையாகவே கண்டார். அடால்ஃப் குரூன்பாம் 1984-இல் இதற்கு மாறான நிலையெடுத்தார். ஃபிராய்டின் கூற்றுகள் சோதிக்கத்தக்கவையே; எனினும் மருத்துவரின் கருத்தேற்றம் கலந்த மருத்துவமனைச் சான்றுகள் அவற்றை நிறுவப் போதா என்பது அவர் வாதம்.

ஃபிராய்டும் இவ்வினாவைப் புறக்கணிக்கவில்லை. டோராவின் உணர்வுகள் தன்மீது இடம்பெயர்ந்து வந்ததை உரிய காலத்தில் தான் உணரத் தவறியதாக அந்நூலின் பின்னுரையிலேயே ஒப்புக்கொண்டார். 1937-இல் எழுதிய கட்டுரையொன்றில், நோயாளி நேராகக் கூறும் ‘ஆம்’ என்பதும் ‘இல்லை’ என்பதும் தம்மளவில் போதிய சான்றாகா என்றார். அதன்பின் தோன்றும் புதிய நினைவுகளும் கனவுகளுமே விளக்கத்தைத் தாங்கவோ தள்ளவோ வேண்டும் என்றார். இது எல்லா ஐயங்களையும் நீக்கிவிடவில்லை. எனினும் விளக்கம் தனக்குப் புறத்தேயுள்ள ஒன்றுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதை அவர் ஏற்றார் என்பது தெளிவு.

பனுவலில் மறுப்பு

மருத்துவரிடம் டோராவால் மறுத்துப் பேச முடிந்தது. எழுந்து செல்லவும் முடிந்தது. கதைமாந்தருக்கு அவ்வாய்ப்பு இல்லை. அடுத்த நாள் புதியதொரு கனவோடு அவர்கள் திரும்பி வருவதும் இல்லை. ஆகவே திறனாய்வாளரின் பொறுப்பு மருத்துவரின் பொறுப்பினும் கூடுதலானது. பாத்திரம் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுவதற்கு முன், அது சொன்னதற்கு உரிய எடை தரப்பட வேண்டும். வறுமை, சாதி, குடும்ப அதிகாரம் போன்ற வெளிப்படையான காரணங்களைப் பனுவலே தந்திருக்க, அவற்றைக் கடந்து நனவிலியை நாடுவது டோராவின் சொல்லைக் கடந்து சென்றதற்கு நிகராகும்.

முடிவுரை

நனவிலிக் கோட்பாடுகளை இலக்கிய ஆய்விலிருந்து விலக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. மனிதன் தன்னைப் பற்றித் தானே முழுதும் அறியான் என்னும் அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது. அறிதல்சார் உளவியலும் விழிப்புணர்வின்றி நிகழும் மனச் செயற்பாடுகளை ஏற்கிறது; எனினும் அது பேசும் நனவிலி, ஒடுக்கப்பட்ட விருப்பங்களின் உறைவிடம் அன்று. எனவே இத்துறையில் ஆய்வு மேற்கொள்வோர் மூன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். எவருடைய நனவிலி பேசப்படுகிறது என்பது முதலாவது. பனுவலின் எப்பகுதி அதற்குச் சான்று என்பது இரண்டாவது. எப்பகுதி அவ்விளக்கத்துக்கு இடங்கொடாது நிற்கிறது என்பது மூன்றாவது. ஆய்வேடுகளில் முதலிரண்டும் எழுதப்படுவதுண்டு. மூன்றாவதற்கும் ஒரு பத்தியேனும் ஒதுக்கப்படுமாயின் பனுவலின் மறுப்பும் பதிவாகும்.