கவனக்குறைவு என்னும் எளிய தீர்ப்பு: சாணைச்சக்கர விபத்துகள் பற்றி ஒரு மறுப்பு

சுழலும் சாணைச்சக்கரம் உடைந்து ஒருவர் கண்ணையோ விரலையோ இழக்கும்போது, மலேசியாவின் பேராக் மாநிலப் பட்டறைகளிலும் வார்ப்பாலைகளிலும் முதலில் எழும் விளக்கம், வேலை செய்தவர் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்பதே. அதை ஒட்டி வேறு சில கூற்றுகளும் வருகின்றன: தேர்ந்த கைக்குச் சக்கரம் உடையாது; காப்புமூடி புதியவருக்கு உரியது, அனுபவசாலிக்கு அது இடைஞ்சல்; கண்ணாடி அணிந்தால் போதும்; பறப்பது வெறும் இரும்புத்தூள்; சிறு பட்டறைக்கு இத்தனை விதிகள் கட்டுப்படியாகா. பட்டறிவின் சொற்கள் போல ஒலிக்கும் இக்கூற்றுகள் சக்கரத்தின் இயல்புக்கே மாறானவை. அதைவிடக் கொடியது, அவை காயம்பட்டவரையே குற்றவாளி ஆக்கிவிட்டு, அடுத்த சக்கரம் உடைவதற்கான காரணங்களைத் தொடாமல் விட்டுவிடுகின்றன என்பதாகும்.

இக்கருத்து இவ்வட்டாரத்தில் ஆழமாக வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கும், நீரில் மிதந்தபடி மண்ணை அள்ளிப் பிரித்த ஈயக்கப்பல்களுக்கும் உதிரிப்பாகங்கள் வார்த்துக் கொடுத்தே ஈப்போவின் இரும்புப் பட்டறைகள் வளர்ந்தன; 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்த பிறகு, பிழைத்து நின்றவை செம்பனை ஆலைப் பாகங்கள், லாரி உடற்கூடுகள், இரும்புக் கதவுகள் என்று வேறு வேலைகளுக்குத் திரும்பின. அதே தலைமுறைகளில், ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போனதால், சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, பீடோர் வட்டாரங்களின் தோட்டப் பிள்ளைகளில் பலர் வெல்டிங், பிட்டர் வேலைகளைச் சான்றிதழ் இன்றி, மூத்தவர் கையைப் பார்த்தே கற்றுக்கொண்டனர். தோட்டத்தில் பால்வெட்டும் கத்தியைத் தீட்டுவது பால்மரம் வெட்டுபவரின் சொந்தப் பொறுப்பு. கத்தி மழுங்கினாலும், மரத்தின் பட்டையில் காயம் பட்டாலும், கேள்வி அவரை நோக்கியே வந்தது. கையால் தேய்க்கும் கல்லுக்கு அந்த முறை ஓரளவு பொருந்தும், ஏனெனில் அங்கே ஆற்றல் முழுவதும் தீட்டுபவரின் கையிலேயே இருக்கிறது. மின்விசையால் சுழலும் சக்கரத்துக்கும் அதே பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் ஏற்றுவதுதான் பிழை.

முதற்கூற்று, தேர்ந்த கைக்குச் சக்கரம் உடையாது, அழுத்திப் பிடிப்பவர் கையில்தான் உடைகிறது என்பது. சாணைச்சக்கரம் ஒரே கல்லால் ஆனதன்று. கூர்மையான துகள்களும், அவற்றை ஒன்றாகப் பிடித்து வைக்கும் பிணைப்புப் பொருளும், இடையிடையே நுண்துளைகளும் சேர்ந்த கலவை அது. எஃகுக்கு அலுமினிய ஆக்சைடு துகள்களும், கல், வார்ப்பிரும்பு போன்றவற்றுக்குச் சிலிக்கன் கார்பைடு துகள்களும் பொதுவாகப் பயன்படுகின்றன. மேசையில் பொருத்திய சாணையின் சக்கரத்தில் பிணைப்பு பெரும்பாலும் சூளையில் சுட்ட மண்வகையாக இருக்கும். கையில் பிடிக்கும் கிரைண்டரின் தட்டில் அது கண்ணாடி இழைவலை பொதிந்த பிசினாக இருக்கும். சக்கரம் சுழலும் கணத்திலிருந்து, இரும்பு அதைத் தொடும் முன்பே, மையவிலக்கு விசை அதன் ஒவ்வொரு துகளையும் வெளிநோக்கி இழுக்கத் தொடங்கிவிடுகிறது. இந்த இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுவதால், வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகிறது. ஆகவே எந்தச் சக்கரம் எந்த இயந்திரத்தில் பொருத்தப்பட்டது என்பதுதான் முதற்கேள்வி. கையின் அழுத்தம் அதற்குப் பின்னால் வருவது.

கைக்கிரைண்டர்த் தட்டுகள் பெரும்பாலும் வினாடிக்கு 80 மீட்டர் விளிம்பு வேகத்துக்கு வடிவமைக்கப்படுகின்றன. 180 மில்லிமீட்டர், அதாவது 7 அங்குலத் தட்டு அந்த வேகத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 8,500 சுற்றுகளிலேயே எட்டிவிடும். 125 மில்லிமீட்டர், அதாவது 5 அங்குல இயந்திரமோ 11,000 சுற்றுகள் அளவில் ஓடுகிறது. இரண்டு அளவுத் தட்டுகளின் நடுத்துளையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், காப்புமூடியைக் கழற்றிவிட்டால் 7 அங்குலத் தட்டு 5 அங்குல இயந்திரத்தில் சிரமமின்றி ஏறி உட்கார்ந்துவிடும். அப்போது விளிம்பு வேகம் வினாடிக்கு 103 மீட்டரைத் தாண்டுகிறது. தட்டைப் பிளக்கும் இழுவை அது தாங்க வேண்டிய அளவைப்போல ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. இத்தகைய தட்டை எவ்வளவு மென்மையாகப் பிடித்தாலும் இழுவை குறையாது. சரியான அளவு இயந்திரம் பட்டறையில் இல்லாததாலோ, இருக்கும் தட்டை வீணாக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டதாலோதான் பெரும்பாலும் இந்தப் பொருத்தம் நேர்கிறது. அந்த முடிவு கிரைண்டரைப் பிடித்தவருடையது அன்று.

வாங்குவதும் அடுக்கி வைப்பதும் இதே வகையைச் சேர்ந்தவை. பிசின் பிணைப்பு ஈரத்தாலும் வெப்பத்தாலும் காலப்போக்கில் வலுவிழக்கும். அதனாலேயே ஐரோப்பிய நியமப்படி செய்யப்பட்ட தட்டுகளின் நடுவிலுள்ள உலோக வளையத்தில் எந்த மாதம், எந்த ஆண்டு வரை பயன்படுத்தலாம் என்று பொறிக்கப்படுகிறது. அக்காலம் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் குறையாத பேராக்கில், தகரக்கூரையின் கீழே, ஒழுகும் சுவரோரத்தில் கிடக்கும் தட்டுக்கு அந்தக் காலவரம்பு கூடப் பாதுகாப்பான உறுதியன்று. சுட்ட மண்பிணைப்புச் சக்கரத்துக்கோ கெடுவது காலத்தால் அன்று, கீழே விழுவதாலும் மோதுவதாலும் ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறலால்தான். அதைக் கண்டறிய நீண்ட காலமாக வழங்கிவரும் தட்டொலிச் சோதனை ஒன்று உண்டு: ஈரமில்லாத சக்கரத்தை நடுத்துளையில் தாங்கிப் பிடித்து, மரக்கட்டை போன்ற உலோகமல்லாத பொருளால் விளிம்பருகே பல இடங்களில் மெல்லத் தட்டினால், நல்ல சக்கரம் தெளிவாக ஒலிக்கும், கீறல் விழுந்தது மந்தமாக ஒலிக்கும். பிசின் தட்டுகளில் அந்தத் தெளிந்த ஒலி எழாது என்பதால், அவற்றுக்குத் தேதியையும் விளிம்பையும் பார்ப்பதே வழி. மேசைச் சாணையில் பொருத்தும்போது இருபக்கமும் ஒரே விட்டமுள்ள, சக்கரத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இறுக்குத்தட்டுகள் வேண்டும். மண்பிணைப்புச் சக்கரத்துக்கும் அவற்றுக்கும் இடையே காகித வட்டு வேண்டும். புதிய சக்கரத்தை மூடியோடு, யாரும் நேரே நிற்காமல், ஒரு நிமிடமாவது வெறுமனே ஓடவிட்ட பிறகே இரும்பைத் தொட வேண்டும்.

வேலை செய்பவரின் பிழைகளே இல்லை என்பது இதன் பொருளன்று. விளிம்பால் மட்டுமே தீட்ட வேண்டிய நேர்சக்கரத்தின் பக்கவாட்டில் தீட்டுவதும், எஃகுக்குரிய சக்கரத்தில் அலுமினியத்தைத் தேய்த்து அதன் துளைகளை அடைத்துச் சூடேற்றுவதும், வெட்டுத்தட்டைத் திருப்பிப் பிடித்து மெருகேற்றப் பயன்படுத்துவதும் உண்மையான பிழைகள். ஆனால் ஒரே ஒரு தட்டை வைத்து எல்லா வேலையையும் முடிக்க வேண்டிய பட்டறையில், எதை எதற்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஒருநாளும் சொல்லித்தரப்படாத இடத்தில், இவற்றைக் கவனக்குறைவு என்று எழுதிவிடுவது நேர்மையாகாது. பிரித்தானியாவின் 1970ஆம் ஆண்டுச் சாணைச்சக்கர விதிமுறைகள் இதை அறிந்தே, பயிற்சி பெற்று நிறுவனத்தால் அமர்த்தப்பட்டவர் மட்டுமே சக்கரத்தைப் பொருத்தலாம் என்று விதித்தன.

அனுபவம் காப்புமூடிக்கு மாற்று என்னும் கூற்று இதைவிடவும் அபாயமானது. வினாடிக்கு 80 மீட்டர் என்பது மணிக்கு 288 கிலோமீட்டர் வேகம். உடைந்த துண்டு ஒரு மீட்டர் தொலைவைக் கடக்க வினாடியில் 80இல் ஒரு பங்கு போதும். மனிதர் ஒன்றைக் கண்டு உடலை அசைக்கவோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வினாடி ஆகிறது, அதற்குள் அத்துண்டு 16 மீட்டர் போய்விட்டிருக்கும். முப்பதாண்டு அனுபவமும் இந்த இடைவெளியை நிரப்பாது. காப்புமூடி உடைவைத் தடுப்பதில்லை என்பது உண்மை. துண்டுகள் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வராமல் திசை மாற்றுவதே அதன் பணி. மேசைச் சாணையில் இதே பணியை மூடியும், பொருளைத் தாங்கும் தாங்கியும் சேர்ந்து செய்கின்றன. அமெரிக்க விதிகளின்படி தாங்கிக்கும் சக்கரத்துக்கும் இடையே 3 மில்லிமீட்டர் அளவுக்கும், மேலே உள்ள நாக்குத்தகட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே 6 மில்லிமீட்டர் அளவுக்கும் மேல் இடைவெளி இருத்தல் கூடாது. சக்கரம் தேயத்தேய இந்த இடைவெளி தானே அகலும்; அகன்ற இடைவெளிக்குள் சிறு இரும்புத்துண்டு ஆப்பு போல் சிக்கினால் சக்கரம் அந்தக் கணமே பிளக்கலாம். அனுபவசாலிக்கு நேரும் ஆபத்தின் ஒரு பகுதி இங்கேதான் இருக்கிறது: இத்தனை காலம் ஒன்றும் ஆகவில்லை என்ற நினைவு, நேற்றைவிட இன்று அகலமாகியிருக்கும் இடைவெளியைப் பார்க்கவிடாமல் செய்கிறது.

கவனக்குறைவுக் கூற்றை ஆதரிப்போர் சிலர் பிரித்தானியச் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகத்தின் ஒரு வாசகத்தைச் சான்று காட்டுவதுண்டு: சாணைச்சக்கர விபத்துகளில் ஏறத்தாழ பாதி, பாதுகாப்பற்ற வேலைமுறையாலோ இயக்குபவரின் பிழையாலோ நேர்கின்றன என்பது அது. இவ்வாசகத்தில் பாதுகாப்பற்ற வேலைமுறை என்பதே முதலில் நிற்கிறது, அதை வகுப்பது இயக்குபவரின் வேலையன்று. எஞ்சிய பாதியைப் பற்றியோ அவர்கள் பேசுவதே இல்லை. மலேசியச் சட்டம் இந்தப் பொறுப்பை மிகத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பாதுகாப்பான இயந்திரம், பாதுகாப்பான வேலைமுறை, தகவல், பயிற்சி, மேற்பார்வை ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்குகிறது. 24ஆம் பிரிவு தொழிலாளியிடம் நியாயமான கவனத்தை எதிர்பார்க்கிறது. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, முன்னதை மீறினால் 500,000 ரிங்கிட் வரை அபராதம், பின்னதை மீறினால் 2,000 ரிங்கிட் வரை. இரண்டுக்கும் இடையே 250 மடங்கு வேறுபாடு வைத்த நாடாளுமன்றம், விபத்தைத் தடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்தே வைத்தது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் இழப்பீடு யாருடைய அலட்சியம் என்று கேட்டு வழங்கப்படுவதன்று என்பதையும், 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டனர் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். தன் தவறு என்று பட்டறையில் கேட்டுக் கேட்டு நம்பிவிட்ட ஒருவர், தனக்கு உரிய இழப்பீட்டைக் கோரவே தயங்குவார்.

கண்ணாடி போதும் என்பதை விரைவாகவே மறுக்கலாம். சாதாரணக் கண்ணாடி பொறியைத் தடுக்கும், சக்கரத் துண்டைத் தடுக்காது. மோதல் தாங்கும் கண்காப்பும் அதன்மேல் முகக்கவசமும் வேண்டும், அவையும் காப்புமூடிக்குத் துணையே தவிர மாற்றாகா. கையுறை பற்றியும் பொதுவிதி கிடையாது: கைக்கிரைண்டரில் அது உதவும், மேசைச் சாணையிலோ துணிக்கையுறையும் தளர்ந்த சட்டைக்கையும் இடைவெளிக்குள் இழுக்கப்பட்டு விரலையும் உடன்கொண்டு போகும். பாதுகாப்புக்குரியவற்றின் விலையைக் கூலியில் பிடிப்பதற்குச் சட்டத்தின் 26ஆம் பிரிவு இடம் தருவதில்லை.

பறப்பது இரும்புத்தூள்தானே என்னும் கூற்றுக்கு நீண்ட, துயரமான வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கத்தி, முள்கரண்டி தீட்டியவர்கள் நுரையீரல் அழிந்து இளமையிலேயே மாண்டதை, அந்நகர மருத்துவர் கால்வர்ட் ஹாலண்டு 1843இல் நூலாகவே எழுதினார். நீரின்றி உலர்ந்த மணற்கல்லில் தீட்டியவர்களே மிக விரைவில் இறந்தனர். அவர்களைக் கொன்றது இரும்பைக் காட்டிலும் மணற்கல்லில் இருந்த சிலிக்கா. அதன் நுண்தூசு நுரையீரலைத் தழும்பாக்கும் நோயே சிலிக்கோசிஸ். செயற்கைத் துகள்களால் ஆன இன்றைய சக்கரத்தில் அந்த ஆபத்து பெரிதும் நீங்கிவிட்டது என்பது சரியே. ஆனால் வார்ப்பாலையில் மணல் அச்சிலிருந்து எடுத்த வார்ப்பின் மேல் மணல் ஒட்டியிருக்கிறது. அதன் பிசிறைச் சாணையால் நீக்கும்போது அந்த மணலும் தூசாகிறது. கான்கிரீட்டையும் கருங்கல்லையும் உலர்வாக வெட்டும் தட்டும் அதே சிலிக்காவைக் காற்றில் கலக்கிறது. மலேசியாவில் 1989இலேயே கனிமத் தூசு விதிமுறைகள் வந்துவிட்டன; அப்படியிருந்தும், இருமலுக்குச் சிகரெட்டையோ பழைய காய்ச்சலையோ காரணம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வது எளிதாகவே இருக்கிறது, ஏனெனில் இந்நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். சக்கர உடைவுக்காவது ஒரு நாளும் ஒரு சாட்சியும் இருக்கும். தூசுக்கு இரண்டும் இல்லை. வெட்டும் இடத்திலேயே தூசை உறிஞ்சுவதும், நீரூற்றி வெட்டும்படி வடிவமைத்த இயந்திரத்தைப் பயன்படுத்துவதும்தான் தீர்வு. முகத்தில் கட்டிய துணி நுண்தூசைத் தடுக்காது.

கடைசியாகக் கட்டுப்படியாகாமை. காப்புமூடி இயந்திரத்தோடு பெட்டியிலேயே வருகிறது. கழற்றி எறிந்ததுதான் செலவு. தாங்கியின் இடைவெளியைச் சரிசெய்ய, இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு ஸ்பேனரைத் திருப்பினால் போதும். தேதி பார்த்து வாங்கவும், தட்டை உலர்ந்த அலமாரியில் படுக்கை வாட்டில் அடுக்கவும், இயந்திரத்தின் சுற்றெண்ணையும் தட்டின் சுற்றெண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் எழுத்தறிவும் சில நிமிடங்களும் வேண்டும். உண்மையில் பணம் கேட்பவை தூசு உறிஞ்சியும் சரியான அளவிலான இரண்டாவது கிரைண்டரும் மட்டுமே, அவையும் ஒரு சராசரிப் பட்டறையின் வெல்டிங் இயந்திரத்தோடு ஒப்பிடத்தக்க செலவுதான். சட்டம் பெரிய தொழிற்சாலைக்கே என்னும் எண்ணத்துக்கும் இனி இடமில்லை: 2024இல் நடப்புக்கு வந்த திருத்தம் வீட்டுப் பணி, கப்பல், ஆயுதப்படை போன்ற சில விலக்குகள் தவிர எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது, ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது, உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையையும் தருகிறது. ஈப்போவை ஒட்டிய மெங்ளெம்புவில் நால்வர் மட்டுமே வேலை செய்யும் ஒரு பட்டறைக்கு ஒருங்கிணைப்பாளர் கட்டாயமில்லை. 15ஆம் பிரிவின் கடமையோ அதற்கும் உண்டு.