இடத்தின் எண் பொருளின் பெயரன்று

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் முனையில் நிற்கும் பரதேசி ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டை 18ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர் எசக்கியேல் ரஹாபி. அதன் ஒரு முகத்தில் ரோமன் எண்கள். மற்றொரு முகத்தில் ஹீப்ரு எழுத்தெண்கள். குறிகள் வேறாயினும் நேரம் ஒன்றே. எந்தக் குறிக்கு எது இணை என்பதைக் கோபுரத்தைச் சுற்றிவரும் எவரும் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் காலத்து ஆவணங்கள் அடைக்கலம் புகும் தானியங்கி நாடா நூலகங்களில் இந்த நேர்மை இல்லை. அங்கே ரோபோக் கை காந்த நாடாப் பேழையை அறையிலிருந்து எடுத்து டிரைவில் செருகுகிறது. அறைக்கும் டிரைவுக்கும் எண்கள் உண்டு. ஆனால் யாருடைய எண்கள்? ஐ.பி.எம். டி.எஸ்.3500 நூலகத்தில் ஓர் அறையைச் சட்டகம், நெடுவரிசை, கிடைவரிசை என்று மனிதர் சுட்டுகின்றனர். அதே நூலகம் கணினியிடம் பேசும்போது டிரைவுகளை 257 முதலும் அறைகளை 1025 முதலும் எண்ணுகிறது. ஆரக்கிள் எஸ்.எல்.8500 தன் தண்டவாளங்களை 1 முதல் 4 வரை எண்ண, அதனை ஆளும் ஏ.சி.எஸ்.எல்.எஸ். மென்பொருள் அவற்றையே 0 முதல் 3 வரை எண்ணுகிறது. லினக்ஸில் புழங்கும் எம்.டி.எக்ஸ். நிரலோ அறைகளை 1 முதலும் டிரைவுகளை 0 முதலும் எண்ணுகிறது. ஒரே நிரலுக்குள் இரண்டு தொடக்கங்கள்!

"இது இயந்திர அறையின் கவலை, வரலாற்று ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்போர் உண்டு. விளைவை அறிந்தால் அவ்வாறு கேட்கமாட்டார்கள். கணினி தான் கண்டறிந்த வரிசையில் டிரைவுகளுக்குப் பெயரிடுகிறது. மறுதொடக்கத்தில் அவ்வரிசை மாறக்கூடும். அப்போது மென்பொருள் ஒரு டிரைவில் காத்திருக்க, நாடா மற்றொன்றில் கிடக்கும். நாடாவின் தலைப்பிலுள்ள அடையாளத்தைப் படித்த பின்னரே எழுதும் மென்பொருள் பிழையென்று நின்றுவிடும். அவ்வாறு படிக்காமல் நேரடியாக எழுதும் எளிய கட்டளையோ அங்கே கிடக்கும் நாடாவின் மேல் எழுதிவிடும். அழிவது ஒரு மாவட்டத்தின் நிலப்பதிவாகவோ ஓலைச்சுவடிகளின் படிமங்களாகவோ இருக்கலாம்.

பார்கோடு இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். பார்கோடு பேழைக்கு அடையாளம் தருகிறது. எந்த டிரைவ் எது என்று சொல்வதில்லை. அதற்கு டிரைவின் தொடரெண் வேண்டும். நூலகத்திடமே அதைக் கேட்டறியும் வழி ஸ்கஸி தரத்தில் உண்டு. தொடரெண்ணைக் கொண்டு மாறாத பெயரிடும் வழி லினக்ஸிலும் உண்டு. வழியிருந்தும் பின்பற்றாதவர், எண்குழப்பம் இயல்பானது என்று சொல்லித் தப்ப முடியாது.

எல்லா நிறுவனங்களும் ஒரே எண்முறைக்கு வரவேண்டும் என்ற கோரிக்கையும் வீண். ஸ்கஸி தரமே தொடக்க எண்களை உற்பத்தியாளரின் விருப்பத்துக்கு விட்டு, அவை எவை என்று நூலகத்தைக் கேட்டறியுமாறு வகுத்திருக்கிறது. பன்மை அங்கே திட்டமிட்டது. இணைப்பை எழுதிவைக்காத சோம்பலே மனிதர் சேர்த்தது.

1663 முதல் 1795 வரை கொச்சியை ஆண்ட டச்சுக்காரரின் ஆவணங்கள் இன்று சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு தொகுதி எந்த அலமாரிக்கு மாறினாலும் அதன் எண் அதனுடனேயே செல்லும் என்ற நம்பிக்கையில்தான் ஆய்வாளர் அடிக்குறிப்பு எழுதுகிறார். காகிதத்துக்கு வழங்கிய இந்த ஒழுக்கத்தை நாடாவுக்கு மறுப்பது எந்த நியாயம்?

மின்னுருவாக்கத் திட்டங்களின் ஒப்பந்தத்தில் நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை கட்டாயமாகட்டும்: கண்ணால் காணும் இடம், நூலகம் சொல்லும் எண், இயங்குதளம் இடும் பெயர், டிரைவின் தொடரெண். அவ்வட்டவணையின் ஒரு படி அச்சிலும் இருக்கட்டும். அதைக் கேட்காமல் கையொப்பமிடும் பல்கலைக்கழகம், தன் ஆவணங்களின் திறவுகோலை ஒப்பந்தக்காரரின் நினைவில் விட்டுவிட்டு வருகிறது.