புலிக்குப் பக்கத்தில் மீனுக்கு என்ன வேலை?

பந்திங்கில் மோட்டார் டாங்கியிலிருந்து டி-சட்டை முதுகுவரை புலி, மீன், வில் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. கேட்டால், "மூவேந்தர் ஒற்றுமைண்ணே, தமிழன் சின்னம்" என்கிறார்கள் தம்பிமார்கள்.

ஒற்றுமையாம். இந்தப் படம் எங்கிருந்து வந்தது? சோழர் காசுகளிலிருந்தும் செப்பேட்டு முத்திரைகளிலிருந்தும். ராஜேந்திர சோழனின் காசில் உட்கார்ந்திருப்பது புலி. கூடவே இரண்டு மீன், ஒரு வில். மீன் பாண்டியனுடையது, வில் சேரனுடையது. இருவரும் தோற்றவர்கள். தன் மகனுக்குச் 'சோழ பாண்டியன்' என்று பட்டம் கட்டி மதுரையை ஆளவிட்டவன் ராஜேந்திரன். அவன் காசில் இருப்பது ஒற்றுமை என்றால், மான் தலையைச் சுவரில் மாட்டிய வேட்டைக்காரனும் அந்த மானும் கூட்டாளிகள்தான்.

எழுத்தையும் கொஞ்சம் படியுங்கள். ராஜராஜனின் செப்புக் காசில் ஒருபுறம் நிற்கும் மனிதன், மறுபுறம் அமர்ந்திருக்கும் மனிதன், பக்கத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. நாகரி எழுத்தில். தஞ்சைக் கோயில் சுவரெங்கும் தமிழில் வெட்டிவைத்த அதே அரசன்தான். இதைச் சொன்னால் உடனே "போலிக் காசு" என்று முகம் சிவக்கிறது. போலியுமில்லை, துரோகமுமில்லை. 8ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், மெர்சியாவின் கிறிஸ்தவ அரசன் ஓஃபாவின் பெயரில் ஒரு தங்கக் காசு இருக்கிறது. அப்பாசிய தினாரின் அப்பட்டமான நகல். இஸ்லாமிய நம்பிக்கை வாசகம் அரபியில். நடுவே 'ஓஃபா அரசன்' என்று லத்தீனில், அதுவும் அரபிக்குத் தலைகீழாக. அச்சு வெட்டியவனுக்கு அரபி தெரிந்திருக்காது. தினாருக்குச் சந்தையில் என்ன மரியாதை என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது. இங்கிலாந்துக்காரன் யாரும் அந்தக் காசை ஒளித்துவைக்கவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தில் காட்சிக்கு வைத்திருக்கிறான்.

காசோடு விட்டிருந்தால் நானும் பேசாமல் போயிருப்பேன். ஆனால் அடுத்த வரி எப்போதும் இதுதான்: "நம்ம பாட்டன் கடாரத்தையே ஆண்டவன்டா." 1025 வாக்கில் சோழர் படை கடாரத்தைத் தாக்கியது. யானைகளையும் பொருட்குவியலையும் கைப்பற்றியதைத்தான் மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது. இந்த மண்ணில் இருக்கும் உரிமைக்கு நீ அந்தப் படையெடுப்பைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், உன்னை வந்தேறி என்று ஏசுகிறவனுக்கு வேலையே மிச்சம்.

நம்மில் பெரும்பாலோர் புலிக்கொடி பிடித்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இல்லை. கங்காணி பின்னால் கப்பலேறி வந்து, கோலலங்காட்டிலும் கிள்ளானிலும் விடியுமுன்னே நிரை பிடித்துப் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள். அந்த உளிக் கத்திக்கு ஏன் சட்டையில் இடமில்லை? கூலி என்ற சொல் கூசுகிறது, அதனால் ராஜா வேண்டியிருக்கிறது.

காசில்தான் நம்மைத் தேட வேண்டும் என்றால், 1989இல் வந்த 10 சென்னை எடுத்துப் பாருங்கள். பழைய சில்லறையில் கிடைக்கும். அதில் இருப்பது சொங்காக். மலாய்ப் பாட்டிக்குச் சொங்காக், நம் பாட்டிக்குப் பல்லாங்குழி. கூடவே வந்த 20 சென்னில் வெற்றிலைப் பெட்டி. இரண்டு வீட்டுத் திண்ணையிலும் இருந்த சாமான்கள். அதை அச்சடித்த ஒரு டி-சட்டையை நான் இதுவரை பார்த்ததில்லை.