இன்றோ, நாளையோ



பயணம் புறப்படும்போது "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லாதவர் நம்மில் எவருமில்லை. ஆனால் அந்தச் சொல்லை வாக்கியத்தின் முடிவில் இடும் முற்றுப்புள்ளியைப் போலத்தான் பயன்படுத்தி வருகிறோமோ என்று எனக்கு ஓர் ஐயமுண்டு. பிறரைப் பற்றி ஏன் பேச வேண்டும்? என்னைப் பற்றியே சொல்லுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரில் பணிபுரிந்த எங்கள் மகன் வளைகுடா செல்லவிருந்ததால் தன் பழைய காரை எங்களிடம் ஒப்படைத்திருந்தான். சுபுஹு தொழுதுவிட்டு நானும் என் துணைவியாரும் அந்தக் காரில் காயல்பட்டினத்திற்குப் புறப்பட்டோம். ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை, தூத்துக்குடி என ஏறக்குறைய 600 கிலோமீட்டர். "இஷாவுக்கு வீட்டில் இருப்போம், இன்ஷா அல்லாஹ்" என்றேன். மறுநாள் மதரஸாவில் என் வகுப்புக்குத் தேர்வு.

சேலத்தில் இறங்கி, உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்கு வெள்ளிக் கொலுசு வாங்குவதென்று முதல்நாள் இரவே பேசி வைத்திருந்தோம். சேலம் வந்ததும், "நேரமாகிவிட்டது" என்று கூறிப் புறவழிச் சாலையிலேயே சென்றுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பயணத்தில் மாறிய முதல் திட்டம் அதுதான். மாற்றியவன் நான், கேளாமலே மாற்றினேன்.

கரூரில் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழுதோம். திண்டுக்கல்லைக் கடக்கையில் மாமி தொலைபேசியில் அழைத்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் திருமணத்திற்குப் பின்னரும் தாய் வீட்டிலேயே வாழ்வது வழக்கம். எனவே எனக்கு வீடு என்பது மாமியின் வீடுதான். மூட்டுவலிக்காரரான அவர்கள் அன்று தனியே இருந்தார்கள். "விடிந்ததிலிருந்து மழை விடவில்லை. தெருவில் தண்ணீர் ஓடுகிறது. அவசரப்படாமல் வாருங்கள்" என்றார்கள்.

மதுரையை நெருங்கியபோது, "இங்கேயே தங்கிவிடுவோம்" என்றார் துணைவியார்.

"உன் உம்மா தனியே இருக்கிறார்களே, உனக்குப் பயமில்லையா?"

"பயம் இருப்பதால்தான் சொல்லுகிறேன்."

நான் வண்டியை நிறுத்தவில்லை. மாமியைக் காக்கப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். உண்மையில், இஷாவுக்குள் வந்துவிடுவோம் என்று சொன்ன என் வாக்கைத்தான் காக்கப் போனேன்.

எட்டயபுரத்தை நெருங்கியபோது கண்ணாடிக்கு வெளியே தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. லாரிகள் ஓரங்கட்டி நின்றன. "தூத்துக்குடியே தண்ணீரில் நிற்கிறது, பாய். போகாதீர்கள்" என்றார் ஒரு லாரி ஓட்டுநர். மாமியின் எண்ணுக்கு இணைப்புக் கிடைக்கவில்லை. அரை மணி நேரம் பேச்சற்று அமர்ந்திருந்தோம். பிறகு அவர்தாம் சொன்னார்: "வண்டியைத் திருப்புங்கள். அழுவதாக இருந்தாலும் மதுரையில் இருந்து அழலாம்."

திருப்பினேன். "அப்போதே சொன்னேனே" என்று அவர் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையிலும் சொல்லவில்லை.

மதுரையில் கல்லூரிக் காலத்து நண்பர் ஒருவர் வீட்டில் தங்கினோம். மறுநாள் காலையில்தான் நிலைமை முழுவதும் தெரிய வந்தது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை; எங்கள் மாவட்டத்தில் ஓராண்டில் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரில் 69. தாமிரபரணி கரைபுரண்டது, ஏரல் பாலம் சேதமுற்றது. ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, சுமார் 800 பேர் தவித்தார்கள். தங்கள் வீடுகளையே வெள்ளம் சூழ்ந்திருக்க, அப்பகுதிக் கிராம மக்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக.

அன்று லுஹருக்கு ஒளூச் செய்துவிட்டு வந்த துணைவியார், "நமக்கு இங்கே கஸ்ரா, முழுமையா?" என்று கேட்டார்.

இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நான் நடத்தி வரும் பாடம் இது. ஷாஃபியீ மத்ஹபின்படி, சென்று சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் ஓரிடத்தில் தங்குவதென்று உறுதி கொண்டவர் முழுமையாகத் தொழ வேண்டும். ஆனால் 'இன்றோ நாளையோ காரியம் முடியும், முடிந்ததும் புறப்பட்டு விடுவேன்' என்று எதிர்பார்த்துக் காத்திருப்பவர் 18 நாட்கள் வரை சுருக்கித் தொழலாம். 'இன்றோ, நாளையோ' என்னும் இச்சொற்களைப் பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! திட்டம் ஏதுமற்று நிற்கும் மனிதனுக்கென்றே சட்டத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பது அன்றுதான் என் மனத்தில் பட்டது. (நண்பர் ராவுத்தர் குடும்பத்தவர், ஹனஃபீ. நாங்கள் இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதைக் கண்டு அவருடைய பிள்ளைகள் வியந்தது தனிக் கதை.)

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு, உம்ராவை நாடிப் புறப்பட்ட பயணம் ஹுதைபிய்யாவில் தடைபட்டபோது, தோழர்கள் திகைத்து அமர்ந்திருக்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூடாரத்திற்குள் சென்று அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் அதைச் சொன்னார்கள். யாரிடமும் பேசாமல் வெளியே சென்று, தாங்களே குர்பானி கொடுத்துத் தலைமுடியை மழித்துக் கொள்ளுமாறு அன்னையார் ஆலோசனை கூறினார்கள், அவ்வாறே செய்தார்கள், தோழர்களும் எழுந்தார்கள். இதையும் நான் ஆண்டுதோறும் நடத்துகிறேன். பாடம் நடத்தும்போது என் குரல் தழுதழுப்பதும் உண்டு. மதுரைச் சாலையில் மட்டும் நினைவுக்கு வரவில்லை.

செவ்வாய் இரவு ஊரிலிருந்து ஒரு நிமிட அழைப்பு வந்தது. தண்ணீர் வீட்டுக்குள் ஏறியதும், பக்கத்து வீட்டுப் பெண்கள் பின்கட்டு முடுக்கு வழியே வந்து, மாமியை நாற்காலியோடு தூக்கிச் சென்று மாடியில் சேர்த்துவிட்டார்களாம். இணைப்பு அறுந்தது. துணைவியார் அப்போதுதான் அழுதார்.

மறுநாள் ஆலோசனை அவருடையது. வண்டியோட்டும் வேலை மட்டுமே என்னுடையது. ரொட்டி, பால்மாவு, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கொசுவர்த்திச் சுருள் என்று பின் இருக்கை நிறைந்தது. "கொலுசு இங்கேயும் கிடைக்குமே" என்றேன். "அது இப்போது யாருக்கு வேண்டும்? அந்தப் பணத்துக்கும் ரொட்டி வாங்குங்கள்" என்றார்.

வியாழக்கிழமை, ஊருக்கு ஊர் நின்று காவலர்களிடம் விசாரித்தபடி திருநெல்வேலி, நாங்குநேரி, திசையன்விளை, உடன்குடி என்று தெற்கே சுற்றிச் சென்றோம். வழியில் லுஹரை இரண்டு ரக்அத்தாகத் தொழுதோம். அஸரையும் சேர்த்துவிடலாமா என்று நான் கேட்டேன். அவர் சற்று யோசித்தார்.

"வேண்டாம். வீட்டில் தொழுவோம்."

பிற்பகலில் ஊருக்குள் நுழைந்தோம். வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. மாமி இன்னும் பக்கத்து வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். மகளைக் கட்டிக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார்கள். தரையெல்லாம் ஈரமாக இருந்ததால் அந்த மாடியிலேயே பாய் விரித்துத் தந்தார்கள். அஸரை நான்கு ரக்அத்தாகத் தொழுதோம்.