பனிக்கால டயர்: தண்டச் செலவா, தற்காப்பா?



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று மாணவர் பேரவையிலிருந்து கேட்டபோது, "ஸ்பேனர் பிடித்த கைக்கு எழுத்து எங்கே வரும்?" என்று தட்டிக் கழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் நம் கல்லூரியில் ஆட்டோமொபைல் டிப்ளமோ வாங்கிய நான், ஒரு பாடத்தை மட்டும் நடுரோட்டில் சறுக்கிப் போய்த்தான் கற்றுக்கொண்டேன். அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் இருப்பது கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில். நம் ஊரில் பனி என்றால் மார்கழி அதிகாலை. வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். இங்கே பனி என்றால் முழங்கால் உயரம்! நவம்பரில் ஆரம்பித்தால் மார்ச் வரை விடாது. மைனஸ் இருபது டிகிரி என்றால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. ஊர் நடுவே ஓடும் ரிடோ கால்வாய் பெரும்பாலான வருஷங்களில் கெட்டியாக உறைந்து, ஜனங்கள் அதன் மேல் சறுக்கி விளையாடுகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் வருஷா வருஷம் ஒரு பட்டிமன்றம் நடக்கும். குளிர்காலத்துக்கென்று தனியாக நாலு டயர் வாங்கத்தான் வேண்டுமா? இருக்கிற டயரே போதாதா?

வேண்டும் என்பதுதான் என் கட்சி. இன்று நான் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். டயர் மாற்றும் கூலியில் எனக்கும் பங்கு உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்தக் கட்சிக்கு நான் மாறியது கூலிக்கு முன்னால் நடந்த கதை.

"நிப்பாட்டுறதைப் பற்றித்தான் சொல்லுறன்!"

2018-ஆம் வருஷம். இங்கே வந்து எங்களுக்கு அதுதான் முதல் குளிர்காலம். கிட்டங்கியில் பெட்டி அடுக்கும் வேலை. கையில் காசு கம்மி. ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். அதில் இருந்தது 'ஆல் சீசன்' டயர். பெயரிலேயே எல்லாப் பருவமும் இருக்கிறதே, அப்புறம் என்ன?

பக்கத்து வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை. முப்பது வருஷமாகக் கனடாவில் இருப்பவர். நவம்பர் மாதம் என் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, விண்டர் ரயர் போடேல்லையோ?"

"மெதுவாத்தான் ஓட்டுவேன் அண்ணே. பழகின கைதான். டிப்ளமோவே ஆட்டோமொபைல்தான்!" என்றேன்.

அவர் சிரித்தார். "நீர் ஓடுறதைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை. நிப்பாட்டுறதைப் பற்றித்தான் சொல்லுறன்."

வீட்டிலும், "ஏங்க, எல்லாரும் மாத்துறாங்களே, நாமளும் மாத்திட்டா என்ன?" என்று கேட்டாள் மனைவி. விசாரித்தேன். நாலு டயர், நாலு ரிம், மாட்டுகிற கூலி எல்லாம் சேர்த்து ஆயிரம் டாலரை நெருங்கியது. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

டிசம்பரில் ஒரு சாயங்காலம். மைனஸ் எட்டு டிகிரி. ரோட்டில் வண்டிகள் ஓடி ஓடி பனி இறுகிப் பலகை மாதிரி கிடந்தது. பின் சீட்டில் என் ஐந்து வயது மகள். முன்னால் சிவப்பு விளக்கு. வேகம் நாற்பதுக்குள்தான். பிரேக்கை மிதித்தேன். பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது; ஏ.பி.எஸ். தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் வண்டி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது! ஸ்டியரிங்கைத் திருப்பினேன். சக்கரம் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. எங்களுக்கு முன்னால், பனி தள்ளும் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே குறுக்கே கடந்து போனது. அது போன தடத்தின் மேலேயே நாங்கள் சறுக்கி, எதிர்ப்பக்கம் குவித்து வைத்திருந்த பனி மேட்டில் போய் இடித்து நின்றோம். பம்பர் உடைந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. லாரி இரண்டு வினாடி பிந்தி வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா, தெரியாது.

பின் சீட்டிலிருந்து மகள் கேட்டாள்: "அப்பா, ஏம்ப்பா வண்டி நிக்கல?"

என்னிடம் டிப்ளமோ இருந்தது. பதில் இல்லை.

ஏன் நிற்கவில்லை?

அந்தப் பதிலை இப்போது சொல்கிறேன். 1,400 கிலோ எடையுள்ள கார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று சதுர செ.மீ.க்கு 2.2 கிலோ. 1,400-ஐ 2.2-ஆல் வகுத்தால் சுமார் 636 சதுர செ.மீ. நாலு டயரும் சேர்ந்து ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு ஏ4 தாளின் பரப்பு! குடும்பமே உட்கார்ந்து போகும் வண்டி அந்த ஒரு தாளை நம்பித்தான் போகிறது.

அந்தத் தாளின் குணம் ரப்பரில் இருக்கிறது. குளிரக் குளிர ரப்பர் விறைக்கும். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க மெல்ல மெல்லப் பிடிமானத்தை இழக்கிறது. விறைத்த ரப்பர் ரோட்டின் மேடு பள்ளத்தில் படியாது; மேலோடு வழுக்கும். பனிக்கால டயரின் ரப்பர்க் கலவையே வேறு. சிலிக்கா முதலிய சரக்குகளைச் சேர்த்து, கடுங்குளிரிலும் மெதுவாக இருக்கும்படி தயாரிக்கிறார்கள். அதன் மேல்பரப்பில் மயிரிழை போல நூற்றுக்கணக்கான கீறல்கள் இருக்கும். ஒவ்வொரு கீறலின் ஓரமும் பனியைப் பிறாண்டிப் பிடிக்கும். அகலமான பள்ளங்களில் பனி போய் அடைத்துக்கொள்ளும். பனியோடு பனி நன்றாக ஒட்டும். குழந்தைகள் பனியை உருட்டிப் பந்து செய்கிறார்களே, அதே சூத்திரம்தான்.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பும் இல்லை. பின்லாந்தில் நோக்கியா என்ற ஊரிலிருந்த ரப்பர் தொழிற்சாலை 1934-இலேயே லாரிகளுக்குப் பனிக்கால டயர் செய்தது. 1936-இல் கார்களுக்கும் வந்துவிட்டது.

இனி நம் கணக்கு. பிரேக் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு முடுக்கம்). முதலாண்டு பாடம், மறந்திருக்க மாட்டீர்கள். வேகம் மணிக்கு 50 கி.மீ., அதாவது வினாடிக்கு 13.9 மீட்டர். காய்ந்த தார் ரோட்டில் குணகம் 0.7 என்றால் 14 மீட்டரில் வண்டி நிற்கும். இறுகிய பனியில் விறைத்த டயருக்கு 0.2 என்று வைத்தால் 49 மீட்டர். நல்ல பனிக்கால டயர் அதை 0.3 ஆக்கினால் 33 மீட்டர். 0.2, 0.3 எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்; பனிக்குப் பனி, டயருக்கு டயர் மாறும். ஆனால் விஷயம் விளங்கும். வித்தியாசம் 16 மீட்டர். ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தைவிட அதிகம்!

இன்னொரு கோணத்திலும் பாருங்கள். நல்ல டயர் போட்ட வண்டி நின்றுவிட்ட அந்த 33-ஆவது மீட்டரில், மற்ற வண்டி இன்னும் மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு பாட்டி ரோட்டைக் கடந்துகொண்டிருந்தால்?

வழக்கமாகச் சொல்லும் சாக்குகள்

"என் வண்டியில் நாலு சக்கரமும் இழுக்கும், எனக்கு எதற்கு?" என்பார்கள். இழுக்கும், சரி. கிளம்புவதற்கும் மேடு ஏறுவதற்கும் அது உதவும். ஆனால் நிறுத்துவதற்கு? எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு. அதில் உங்கள் வண்டிக்கு என்ன விசேஷம்? சொல்லப்போனால் ஜோராகக் கிளம்புகிற வண்டிதான் ஆளை ஏமாற்றும்.

"ஆல் சீசன் டயரில் எம்+எஸ் என்று போட்டிருக்கிறதே!" அது சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் எழுத்து, டயரின் பள்ள அமைப்பை வைத்துப் போடுவது. பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறியதற்கான அடையாளம் வேறு. மூன்று சிகரம் உள்ள மலை, அதற்குள் ஒரு பனிப்பூ. வாங்கும்போது அந்தப் படத்தைத் தேடுங்கள். வருஷம் பூராவும் போட்டுக்கொள்ளும் 'ஆல் வெதர்' டயர் என்று ஒரு ரகம் உண்டு. அதிலும் அந்த முத்திரை இருக்கும். பனி குறைவான ஊருக்கு அது போதும் என்பது என் எண்ணம்.

"முன்னால் மட்டும் இரண்டு போட்டால் பாதிச் செலவுதானே?" வேண்டவே வேண்டாம்! முன்சக்கரம் பிடிக்கும், பின்சக்கரம் பிடிக்காது. வளைவில் வண்டியின் பின்பாகம் வீசிக்கொண்டு போகும். போட்டால் நாலும் போடுங்கள்.

"செலவு இரண்டு மடங்கு!" இது நான் சொன்ன சாக்கு. யோசித்துப் பார்த்தால், பனிக்கால டயர் ஓடும் மாதங்களில் மற்ற டயர் ஓய்வெடுக்கிறது. அதன் ஆயுள் நீள்கிறது. கூடுதல் செலவு ரிம்மும் மாற்றும் கூலியும்தான். என் பம்பருக்கும், வண்டியை இழுத்து வந்ததற்கும் கொடுத்த பணம் அந்த ஆயிரம் டாலரைத் தாண்டிவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை. வசந்தம் வந்ததும் கழற்றிவிட வேண்டும். மெதுவான ரப்பர் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எதிர்க்கட்சி சொல்வதில் ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டயர் மாற்றினால் மட்டும் போதாது, நிதானம் வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் பிரேக் தூரம் கால்வாசியாகும். எந்த டயரும் அவ்வளவு தராது. அதிலும் பூஜ்யம் டிகிரியை ஒட்டி, மேலே லேசாகத் தண்ணீர் கசிந்த ஐஸ் இருக்கிறதே, அதில் எந்தக் கம்பெனி டயரும் திணறும். "புது டயர் போட்டாச்சு" என்று விரட்டுகிறவன், பழைய டயரில் பயந்து பயந்து ஓட்டுகிறவனைவிட ஆபத்தானவன்.

ஒரே ஆறு, இரண்டு சட்டம்

ஒட்டாவா இருப்பது ஒன்டாரியோ மாகாணம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் காட்டினோ நகரம். அது கியூபெக் மாகாணம். இரண்டு கரையிலும் பெய்வது ஒரே பனி. ஆனால் சட்டம் வேறு! கியூபெக் 2008-இல், கனடாவிலேயே முதல் மாகாணமாக, பனிக்கால டயரைக் கட்டாயமாக்கியது. முதலில் டிசம்பர் 15 முதல் மார்ச் 15 வரை என்று இருந்தது. 2019 முதல் டிசம்பர் 1-ஆம் தேதியே போட்டாக வேண்டும். அங்கே பதிவான வண்டியில் இல்லாவிட்டால் 200 முதல் 300 டாலர் வரை அபராதம். ஒன்டாரியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. போடுகிறவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் கழிவு தர வேண்டும் என்று 2016 முதல் விதி உண்டு, அவ்வளவுதான். ஜெர்மனியில் தேதிக் கணக்கே கிடையாது. ரோட்டில் பனியோ ஐஸோ இருந்தால் தகுந்த டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது என்கிறது 2010-இல் திருத்திய விதி.

இதில் எது சரி? இரவில் பீட்சா கொண்டுபோய்க் கொடுத்துப் படிப்புச் செலவைச் சமாளிக்கும் மாணவனுக்கு ஆயிரம் டாலர் மலை. நானும் அந்த நிலைமையில் இருந்தவன்தான். சட்டம் என்ற உடனே ஏழை வயிற்றில் அடிப்பதுதானே என்று கோபப்படத் தோன்றும். ஆனாலும் நான் சட்டத்தின் பக்கம்தான் பேசுவேன். ஆயிரம் டாலர் எனக்கு மிச்சம். அந்த மிச்சத்துக்காக உயிரைப் பணயம் வைத்தது பின் சீட்டில் இருந்த குழந்தையும், பனி தள்ளும் லாரியின் டிரைவரும். அவர்களை யாராவது சம்மதம் கேட்டோமா? ஒன்டாரியோ பெரிய மாகாணம், ஊருக்கு ஊர் பனி வேறு; அதற்கு ஜெர்மனி மாதிரியான சட்டம் பொருந்தும். கழிவை இன்சூரன்ஸோடு நிறுத்தாமல், புதிதாக வந்து குடியேறுகிறவர்கள் தவணையில் வாங்கவும் வழி செய்தால் யாருக்கும் பாரமாகாது.

தம்பி, தங்கைகளே! உங்களில் சிலர் நாளைக்குக் கனடாவுக்கோ ஜெர்மனிக்கோ போவீர்கள். முதல் சம்பளத்தில் ஒரு பழைய கார் வாங்குவீர்கள். வாங்கும்போதே டயர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐப்பசி மழையில் மொட்டை டயரோடு பைக்கில் கிளம்பாதீர்கள். பிரேக் தூரத்தின் சூத்திரம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

அந்த அண்ணை இப்போதும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். நவம்பர் பிறந்தால் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்துவிடும்: "தம்பி, ரயர் மாத்தியாச்சோ?"

"மாத்தியாச்சு அண்ணே" என்று சொல்லிவிட்டு, அவருடைய காருக்கும் நானே போய் மாட்டிக் கொடுத்துவிட்டு வருகிறேன். அதற்கு மட்டும் கூலி வாங்குவதில்லை.