முகத்தைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க

போக்கர் பற்றி நம்மில் பலருக்குத் தெரிஞ்சது சினிமா சொல்லிக்கொடுத்ததுதான். 'கேசினோ ராயல்' (2006) படத்துல வில்லன் பொய் சொல்லும்போது கண்ணோரம் துடிக்குதுன்னு பாண்ட் கண்டுபிடிப்பார். 'ரவுண்டர்ஸ்' (1998) படத்துல நல்ல சீட்டு வந்தா ஓரியோ பிஸ்கட்டைக் காதுகிட்ட உடைச்சுத் தின்னும் ஒரு ரஷ்யக்காரர். பார்த்துட்டு நாமும் எதிராளி முகத்தை முறைச்சுப் பார்த்தா போதும்னு நினைக்கிறோம். என் கருத்து: மேசையில முகம்தான் மிகக் குறைவா உண்மை பேசும் இடம்.

ஏன்னா எல்லாரும் நடிக்கிறது முகத்துலதான். டெக்சாஸ் ஹோல்டெம்ல உங்க கையில இரண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா ஐந்து. மறைக்க வேண்டியது அந்த இரண்டை மட்டும்தான். மைக் கேரோ 1984-லேயே இதைப் பற்றிப் படங்களோட ஒரு புத்தகம் போட்டார். அவர் சொன்னதன் சாரம் எளிது: பெருமூச்சு விட்டு, தோளைக் குலுக்கி, "சரி, என்ன பண்றது"ன்னு காசு வைக்கிறவரிடம் பலமான சீட்டு இருக்கும். முறைச்சுப் பார்த்து சிப்ஸை வீசறவர் பெரும்பாலும் பிளஃப். இது புது ஆட்டக்காரங்ககிட்ட நல்லாவே வேலை செய்யும். ஆனா எதிராளியும் அந்தப் புத்தகத்தைப் படிச்சிருந்தா? பாண்டுக்கு நடந்ததுதான் நடக்கும். வில்லன் அதே கண் துடிப்பை வேணும்னே நடிச்சுக் காட்ட, மனுஷன் மொத்தக் காசையும் இழந்தார்.

2013-ல வந்த ஒரு உளவியல் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மைக்கேல் ஸ்லெபியன் குழு, 2009 உலக போக்கர் தொடரின் வீடியோக்கள்ல இருந்து, ஆட்டக்காரர்கள் காசு வைக்கும் சில விநாடித் துண்டுகளை வெட்டி மாணவர்களிடம் காட்டினாங்க. சிலருக்கு முகம் மட்டும், சிலருக்குக் கைகள் மட்டும். முகத்தைப் பார்த்தவங்க சீட்டின் தரத்தைக் காசு சுண்டிப் போட்டுச் சொல்றதை விட மோசமா ஊகிச்சாங்க! கைகளைப் பார்த்தவங்க அதைவிட மேல். வித்தியாசம் பிரமாதமா ஒண்ணும் இல்லை, ஆனா திசை தெளிவு. நல்ல சீட்டு வெச்சிருக்கிறவரின் கை தயங்காம, வழுக்கிட்டுப் போற மாதிரி போகுது.

கை நடுங்கினா பிளஃப்னு நினைச்சுடாதீங்க. பெரிய சீட்டு வந்த பரபரப்பு அடங்கும்போதும் விரல் ஆடும். அனுபவசாலிங்க அதைப் பார்த்தா பெரும்பாலும் விலகிடுவாங்க. எதுவா இருந்தாலும் அந்த ஆளோட சாதாரண நிலை தெரியாம ஒரு அசைவுக்கு அர்த்தம் சொல்ல முடியாது. சென்சாரை அளவுதிருத்தம் பண்ணாம ரீடிங் எடுப்போமா? நீங்க ஆட்டத்துல இருந்து விலகின சுற்றுகள்லதான் கவனிக்கணும். பலர் அந்நேரம் போனைத்தான் நோண்டுறாங்க.

நல்லா நடிக்கிறதுன்னா வேற முகம் காட்டுறது இல்லை. எல்லாச் சீட்டுக்கும் ஒரே வேகம், ஒரே உட்காரல். 2003 உலகத் தொடர் இறுதியில கிறிஸ் மனிமேக்கர் அதைத்தான் செஞ்சார். டென்னசியைச் சேர்ந்த கணக்காளர், எதிரே பழம் தின்னு கொட்டை போட்ட சாமி ஃபர்ஹா. மனிமேக்கரிடம் ஒரு ராஜாவைத் தவிர ஒண்ணுமில்லை, இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் தள்ளிட்டார். ஃபர்ஹாவிடம் ஒன்பது ஜோடி. "ஃப்ளஷ் வரலையா?"ங்கிற மாதிரி கேட்டுப் பார்த்தார். கேள்வி மிகச்சரி, உண்மையிலேயே வரலை. எதிரே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் பதில் சொல்லலை. கொஞ்ச நேரம் யோசிச்சு ஃபர்ஹா சீட்டைப் போட்டுட்டார்.

யூடியூபில் அந்த வீடியோ கிடைக்கும். மனிமேக்கரின் முகத்தை மட்டும் உள்ளங்கையால மறைச்சுக்கிட்டு ஒருமுறை பாருங்க. நீங்களா இருந்தா சீட்டைப் போட்டிருப்பீங்களா?