சிஸ்டருக்கு ஆப் வேண்டாம், ஆள் வேண்டும்

ஹேக்கத்தானுக்கு என்ன செய்யலாம்னு யோசிச்சப்போ, எங்க டீமுக்கு உடனே தோணினது ஒரு ஆப். நர்ஸ்களோட மன அழுத்தத்தைக் குறைக்கும் ஆப்! இன்னைக்கு உங்க மனநிலைக்கு பத்துக்கு எத்தனை மார்க்னு கேட்கும். மார்க் குறைஞ்சா மூச்சுப்பயிற்சி சொல்லித்தரும்.

திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் பெரியம்மா மகளிடம் அதைப் பெருமையாகக் காட்டினேன். நைட் டியூட்டி முடிஞ்சு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாங்க.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா நேத்து ராத்திரி 22 பெட்டுக்கு நானும் ஒரு ட்ரெய்னிப் பொண்ணும்தான். பாத்ரூம் போகவே நேரமில்ல, இதை எப்போ திறக்கிறது? ராத்திரிக்கு இன்னொரு ஆளைப் போடச் சொல்லுடா தம்பி."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன்.

பர்ன்அவுட் என்பது வெறும் அசதி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி முழுக்க வற்றிப்போவது, வேலையிலிருந்து மனசு விலகிப்போவது, "நம்மால எதுவும் ஆகல" என்ற உணர்வு. அதை ஒரு நோய் என்று சொல்லவில்லை. வேலையிடம் சார்ந்த நிகழ்வு என்றே வகைப்படுத்தியது. அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது நர்ஸை அல்ல, வேலையிடத்தை.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் இது ஃபடீக். ஒரு கம்பி தாங்கக்கூடிய எடைதான், ஆனால் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் ஒருநாள் முறியும். அப்போ கம்பிக்கு யாரும் மூச்சுப்பயிற்சி சொல்லித்தர மாட்டோம். லோடைக் குறைப்போம்.

2002-ல் லிண்டா ஐக்கன் குழு, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினாலே, அவருக்கு பர்ன்அவுட் வரும் வாய்ப்பு 23% கூடியது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7% கூடியது. ஆக, இது நர்ஸ் பிரச்சினை மட்டுமில்லை, பெட்டில் படுத்திருக்கும் நம்ம அப்பா, அம்மா பிரச்சினையும்தான். கலிபோர்னியா இந்த எண்ணிக்கையைச் சட்டமாகவே போட்டு, 2004-லிருந்து அமல்படுத்துகிறது.

நம்ம ஊரில் விதி இல்லாமல் இல்லை. பொது வார்டில் மூன்றிலிருந்து ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லியிருக்கிறது. தனியார் நர்ஸ்களின் சம்பளத்தைப் பார்க்க உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட, மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தரணும் என்றது. கேரளாவில் நர்ஸ்கள் 2017-ல் போராடி, 2018-ல் குறைந்தபட்ச ஊதிய அரசாணையே வாங்கினார்கள். இங்கே பல இடங்களில் அது இன்னும் பேப்பரில்தான்.

அரசு வேலை என்றால் நிம்மதியா? 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வெழுதி வந்த ஒப்பந்தச் செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய்க்கு வேலை பார்த்தார்கள். நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடிந்தது. கைதட்டினோம், விளக்கேற்றினோம், அப்புறம் அனுப்பிவிட்டோம்.

2022 ஜனவரியில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நம்ம திண்டுக்கல்லும் ஒன்று. சந்தோஷம்தான். ஆனால் எந்த ஊரிலும் கட்டடம் ஊசி போடாது, மனுஷங்கதான் போடணும்.

"ஆள் போட்டா செலவாகுமே" என்பார்கள். ஆகும். ஆனால் அனுபவப்பட்ட சிஸ்டர் வெளிநாட்டுக்குக் கிளம்பிப் போனால், புதுப் பெண்ணைப் பழக்குவதும் செலவுதான்.

ஆளும் சம்பளமும் மட்டும் போதுமா? அக்காவுக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. டியூட்டி லிஸ்ட் போடும்போது யாரும் அவங்களைக் கேட்பதில்லை. "இந்த நோயாளிக்கு ஏதோ சரியில்ல" என்று சொன்னால் காது கொடுப்பவரும் குறைவு. 24 மணி நேரமும் பெட் பக்கத்தில் இருப்பது அவங்கதான். வார்டு பற்றிய முடிவில் அவங்க குரல் இல்லைன்னா அது என்ன நிர்வாகம்?

எங்க ஆப்பைக் கைவிட்டோம். இப்போ அக்காவும் அவங்க தோழிகளும் சொல்லச் சொல்ல ஒரு டியூட்டி லிஸ்ட் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறோம். தொடர்ந்து எத்தனை நைட் விழுகிறது, ஒரு ஷிஃப்ட்டில் ஒருவருக்கு எத்தனை பெட் என்பதை அது சிவப்பில் காட்டும். ஆள் பற்றாக்குறையை அது தீர்க்காது. ஆனால் மறைக்க முடியாதபடி செய்யும்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் ட்ரிப்ஸ் மாற்ற சிஸ்டர் பத்து நிமிஷம் லேட்டா வந்தா, குரலை உயர்த்துவதற்கு முன்னாடி ஒன்று செய்யுங்கள். அந்த வார்டில் எத்தனை பெட், எத்தனை சிஸ்டர் என்று எண்ணிப்பாருங்கள். கோபம் வந்தால், நிர்வாகத்திடம் போய்க் கேளுங்கள்.